ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘சி’ வாங்கியவர்களுக்கு

இந்த முறை அமெரிக்காவிலிருந்து வந்த கடிதங்களே அதிகம். மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பம் போடும் பருவம் நெருங்குகிறது. சயன்ஸ் மார்க் குறைந்த வீடுகளில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ, வயிறு எரிகிறது. எம்.டி. கல்லூரிகளில் இடம் கிடைப்பது சந்தேகம் என்றதும் எல்லோரும் டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

என் மகனின் சயன்ஸ் ஜி.பி.ஏ. 2.9. ‘டி.ஓ. காலேஜ்ல எடுத்துப்பாங்க’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எடுத்துக்கொள்வார்களா?
*ஓர் அப்பா, எடிசன், நியூ ஜெர்சி*

மகனை எடுத்துக்கொள்ளலாம். 2.9-ஐ எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டி.ஓ. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி சயன்ஸ் ஜி.பி.ஏ. நாலுக்கு ஏறக்குறைய 3.5, எம்கேட் நுழைவுத் தேர்வில் 504-ஐ ஒட்டி. எம்.டி. பக்கம் இது 3.7, 511 என்று போகும். இடைவெளி இருக்கிறது, ஆனால் நம் சொந்தக்காரர்கள் பேசுகிற அளவுக்கு இல்லை. பல கல்லூரிகள் 2.75 அல்லது 3.0 என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே இருந்தால் விண்ணப்பக் கட்டணத்தை வாங்கிக்கொள்வார்கள், விண்ணப்பத்தைப் படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

2.9-ஓடு உள்ளே போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய மார்க் பட்டியலில் முதல் இரண்டு வருடம் ஒரு ஆளும் கடைசி இரண்டு வருடம் வேறொரு ஆளும் படித்தது போலிருக்கும். உங்கள் மகனின் பட்டியலில் கடைசி வருடம் எப்படி? அதை நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததிலிருந்தே கொஞ்சம் புரிகிறது.

கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாவற்றிலும் ‘ஏ’. நானே கணக்குப் போட்டால் சயன்ஸ் ஜி.பி.ஏ. 3.3 வருகிறது. டி.ஓ. விண்ணப்பத்தில் 3.1 என்று காட்டுகிறதே?
*மாணவி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா*

மேத்ஸைத் தூக்கிவிட்டார்கள். எம்.டி. கல்லூரிகளுக்கான விண்ணப்ப மையமான ஆம்காஸ், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நாலையும் சேர்த்து ஒரு கணக்கு வைத்திருக்கிறது. டி.ஓ.வுக்கான ஆகோமாஸில் சயன்ஸ் என்றால் சயன்ஸ் மட்டும்தான். எல்.கே.ஜி.யிலிருந்து அபாகஸ் கிளாஸுக்கு அனுப்பி வளர்த்த நம் சமூகத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் நடக்க முடியாது.

ஆறுதல் ஒன்று உண்டு. அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஜெனடிக்ஸ் எல்லாம் சயன்ஸ் கணக்கில் வரும். மிச்சமிருக்கும் செமஸ்டரில் இன்னொரு மேத்ஸ் கோர்ஸ் எடுத்து மனசைத் தேற்றிக்கொள்ளாமல் பிசியாலஜி எடுங்கள்.

என் அத்தை மகன் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மறுபடி எழுதி ‘சி’யை ‘ஏ’ ஆக்கினான். பழைய ‘சி’ மறைந்தே போய்விட்டது. நானும் அதையே செய்யலாமா?
*மாணவன், நேப்பர்வில், இல்லினாய்*

அத்தை மகன் எந்த வருடம் விண்ணப்பித்தார்? டி.ஓ. விண்ணப்பத்தில் பழைய கிரேடை அழித்துப் புதியதை மட்டும் எண்ணும் சலுகை 2017-இல் நின்றுவிட்டது. இப்போது இரண்டையும் எண்ணுவார்கள். 4 கிரெடிட் ‘சி’, 4 கிரெடிட் ‘ஏ’ என்றால் 8 கிரெடிட்டுக்கு 3.0. அவருக்கு அந்தப் பாடத்தில் 4.0 கிடைத்தது, உங்களுக்கு அதே உழைப்புக்கு 3.0. பத்து வருடம் முந்திப் பிறந்தால் எத்தனையோ வசதி, வீட்டு விலை உட்பட.

இன்னமும் பழைய கதையைச் சொல்லி ‘எல்லாத்தையும் ரிப்பீட் பண்ணுப்பா’ என்கிற சீனியர்கள் இருக்கிறார்கள். கல்லூரி ஏற்காத கிரேடு என்றால், அதாவது ‘சி’க்கும் கீழே என்றால், மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும். வெறும் ‘சி’ என்றால் அதற்கு மேலே உள்ள பாடத்தை எடுத்து ‘ஏ’ வாங்குவதே மேல். பயோகெமிஸ்ட்ரியில் ‘ஏ’ வாங்கியவனைப் பார்த்து ‘உனக்கு ஆர்கானிக் தெரியாது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டெக்சஸ்வாசிகளுக்கு மட்டும் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. பத்து வருடத்துக்கும் பழைய கிரேடுகளை மொத்தமாகக் கைகழுவிவிட்டு ‘அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்’ என்று புதிதாகத் தொடங்கலாம். ஆனால் கழுவினால் எல்லாம் போகும், அந்தக் காலத்தில் வாங்கிய ‘ஏ’யும் சேர்த்து.

டிகிரி முடிந்துவிட்டது. சயன்ஸ் ஜி.பி.ஏ. 2.9. இன்னும் எத்தனை ‘ஏ’ வாங்கினால் சரியாகும்? நேரடியாகச் சொல்லுங்கள், உபதேசம் வேண்டாம்.
*பெயர் வேண்டாம், டிராய், மிச்சிகன்*

உபதேசம் இல்லை, வாய்ப்பாடு மட்டும்.

நீங்கள் 60 கிரெடிட் சயன்ஸ் முடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 60-ஐ 2.9-ஆல் பெருக்கினால் 174 புள்ளி. இனி ஆறு கோர்ஸ், ஒவ்வொன்றும் 4 கிரெடிட், ஆறிலும் ‘ஏ’ என்றால் 96 புள்ளி சேரும். மொத்தம் 270. அதை 84-ஆல் வகுத்தால் 3.21. ஒரு வருடம் ஊண் உறக்கமின்றிப் படித்ததற்கு வந்த கூலி இவ்வளவுதான். ஆறில் ஒன்று ‘பி’ ஆனால் 3.17. ‘ஏ மைனஸ்’ என்றால் 4.0 இல்லை, 3.7 என்பதையும் மறக்காதீர்கள்.

3.5-ஐத் தொட வேண்டுமென்றால்? 72 கிரெடிட், அத்தனையிலும் ‘ஏ’. இன்னொரு டிகிரியே படித்துவிடலாம்.

இங்கேதான் பலரும் பேனாவை வைத்துவிட்டுத் தலையில் கை வைக்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவர் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஆகோமாஸ் ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனி வரி போட்டுக் காட்டுகிறது. முதல் வருடம் 2.6, இரண்டாம் வருடம் 2.7, அப்படியே வரிவரியாக வந்து, டிகிரிக்குப் பிந்திய படிப்பு என்று தனி வரி: 24 கிரெடிட், 4.0. மொத்தம் 3.21-ஆகவே இருக்கட்டும், அந்தக் கடைசி வரி தனியாகத் தெரியும். வடிகட்டுகிற கோட்டைத் தாண்டுவதற்கு 3.21, ஆள் மாறிவிட்டார் என்று நம்ப வைப்பதற்கு அந்த 4.0.

அதனால் மொத்தத்தைத் துரத்தாதீர்கள், உங்களால் அதைப் பிடிக்க முடியாது. வேலையை விட்டுவிட்டு ஒரே வருடத்தில் கஷ்டமான பாடங்களை ஒன்றாக எடுத்து அந்த ஒரு வரியைக் கட்டுங்கள். செமஸ்டருக்கு ஒரு கோர்ஸ் என்று மூன்று வருடம் நீட்டினால் ‘ஏ’ வரும், நம்பிக்கை வராது. மெடிக்கல் ஸ்கூலில் வாரம் ஒரு பாடம் நடத்துவதில்லையே.

அதைவிட மாஸ்டர்ஸ் படித்துவிட்டால் என்ன? சொல்லிக்கொள்ளவும் கௌரவமாக இருக்கும்.
*மாணவன், இர்விங், டெக்சஸ்*

யாரிடம் சொல்லிக்கொள்ள? மாஸ்டர்ஸ் ஜி.பி.ஏ. தனிக் கட்டத்தில் போகும். உங்கள் இளநிலை 2.9-ஐ அது ஒரு புள்ளிகூட நகர்த்தாது. கோட்டுக்குக் கீழே இருப்பவர் முதலில் இளநிலைப் பாடங்களையே எடுத்து மேலே வர வேண்டும்.

கோட்டுக்கு மேலே வந்தவர்களுக்கு ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவ முதலாண்டுப் பாடங்களை, சில இடங்களில் மருத்துவ மாணவர்களோடே உட்கார்ந்து, படிக்க வேண்டும். அதில் 3.7 வாங்கினால் பழைய பாவமெல்லாம் தீர்ந்தது போல. 3.0 வாங்கினால் ‘இவரால் முடியாது’ என்று நீங்களே செலவு செய்து சாட்சி சொன்னது போல. பல டி.ஓ. கல்லூரிகளே இதை நடத்துகின்றன. இத்தனை வாங்கினால் நேர்காணல் உறுதி என்று சில எழுதியே தருகின்றன. ‘பெரும்பாலும் கிடைக்கும் சார்’ என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். எழுத்தில் இருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டுங்கள்.

எம்கேட்டில் 512. ஜி.பி.ஏ.வை இது மூடிவிடுமா?
*மாணவி, கேரி, வட கரோலினா*

472-இல் தொடங்கி 528-இல் முடிகிற தேர்வில் 512 பிரமாதம். ஆனால் ஜி.பி.ஏ. குறைவு, எம்கேட் அதிகம் என்றால் படிப்பவருக்கு ஒன்று தோன்றும்: மூளை இருக்கிறது, உட்காருகிற வழக்கம் இல்லை. கடைசி வருட கிரேடு நன்றாக இருந்தால் மூடும். இல்லாவிட்டால் 512 அதை மூடாது, வெளிச்சம் போட்டுக் காட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி பேரன் டி.ஓ. படிக்கப் போகிறானாம். எங்கள் ஊரில் பெயர்ப்பலகையில் டி.ஓ. என்று போட்டால் கண் டாக்டர். இது எலும்பு வைத்தியம் என்கிறார்கள். புத்தூர் கட்டு மாதிரியா?
*ஒரு பெரியப்பா, மதுரை*

வணக்கம் பெரியப்பா. உங்கள் ஊர் டி.ஓ. கண் மருத்துவ டிப்ளமோ. பேரன் படிக்கப்போவது எம்.பி.பி.எஸ். மாதிரி முழு மருத்துவம், எம்.டி.க்குச் சமம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். எலும்பு, தசையைக் கையால் தொட்டுச் சரிசெய்யும் பயிற்சி கூடுதலாகச் சுமார் 200 மணி நேரம். புத்தூர் கட்டுக்குச் சொந்தமில்லை என்றாலும் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், கான்சாஸ் பக்கத்து டாக்டர். 1864-இல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். பாதரசமும் பேதி மருந்துமாகக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் கால வைத்தியத்தின் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. 1874-இல் தன் முறையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்னும் சின்ன ஊரில் பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்கள் இருந்தார்கள். அவர் பெயரில் பல்கலைக்கழகம் அங்கே இன்றும் நடக்கிறது.

எம்.டி.க்களுக்கும் இவர்களுக்கும் நடந்த பங்காளிச் சண்டை பெரிய கதை. உச்சக்காட்சி கலிஃபோர்னியாவில். 1962-இல் ‘65 டாலர் கட்டு, டி.ஓ.வை எம்.டி. ஆக்கித் தருகிறோம்’ என்றார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டி வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாகி, பிறகு இர்வைன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியாயிற்று. புதிய டி.ஓ.க்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று மக்கள் வாக்கெடுப்பிலேயே முடிவானது. இத்தனை நாள் ‘போலி’ என்று திட்டப்பட்டவர்களை 65 டாலரில் அசலாக்க முடிந்ததென்றால், திட்டியதில் எவ்வளவு உண்மை இருந்திருக்கும்? 1966-இல் ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவர்களாகச் சேர்த்துக்கொண்டது. 1974-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த லைசென்ஸ் தடையையும் உடைத்தது.

இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நாலில் ஒருவர் டி.ஓ. படிக்கிறார். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் மருத்துவராக இருந்த ஷான் கான்லி, அவருக்குப் பின் வந்த கெவின் ஓ’கானர், அவருக்கும் பின் வந்த ஷான் பார்பபெல்லா மூவருமே டி.ஓ.

ஒரு எச்சரிக்கை. லண்டனிலிருந்து யாராவது ‘நான் ஆஸ்டியோபாத்’ என்று வந்தால் அவர் டாக்டர் இல்லை. அங்கே அது கைமுறைச் சிகிச்சை மட்டும். அவரிடம் பி.பி. மாத்திரை கேட்காதீர்கள்.

கரீபியன் தீவு எம்.டி.யா, அமெரிக்க டி.ஓ.வா? மகனுக்கு எம்.டி. என்ற எழுத்து வேண்டும் என்று ஆசை.
*ஓர் அம்மா, சான் அன்டோனியோ*

மகனுக்கா, உங்களுக்கா?

டிகிரி முடித்தால் போதாது, ரெசிடென்ஸி என்னும் மருத்துவமனைப் பயிற்சி கிடைக்க வேண்டும். அதற்கு இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’சில், 2024-இல், டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 92 சதவீதத்துக்குச் சற்று மேல் இடம் பெற்றார்கள். வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67 சதவீதம். அந்த 67-உம் மேட்ச் வரை வந்து சேர்ந்தவர்களில்தான். நடுவழியில் நின்றுபோனவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2020 முதல் எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் ரெசிடென்ஸி அங்கீகாரம் ஒன்றே, மேட்சும் ஒன்றே. நியூரோ சர்ஜரி, டெர்மட்டாலஜி போன்ற சில துறைகளில் டி.ஓ.க்கு இன்னும் மேடு ஏற வேண்டியிருக்கிறது, உண்மை. ஆனால் அதே மேடு கரீபியனிலிருந்து வருகிறவருக்கு மலை.

‘ஏன் ஆஸ்டியோபதி?’ என்று நேர்காணலில் கேட்பார்களாமே. என்ன சொல்வது?
*மாணவன், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா*

‘எம்.டி. கிடைக்கவில்லை’ என்ற பதிலை அவர்கள் ஏற்கெனவே உங்கள் முகத்தில் படித்துவிடுவார்கள். ‘முழு மனிதரையும் பார்க்கும் மருத்துவம்’ என்று வெப்சைட்டில் படித்ததை அவர்களிடமே ஒப்பிக்கவும் வேண்டாம். ஒரு டி.ஓ. டாக்டரின் கிளினிக்கில் கொஞ்ச நாள் போய் நின்று பாருங்கள். இடுப்புவலியோடு வந்தவரை அவர் எப்படித் தொட்டார், தொட்ட பிறகு ஸ்கேன் எழுதினாரா இல்லையா என்று பார்த்ததைச் சொன்னால் போதும். அவரிடமே சிபாரிசுக் கடிதமும் கேளுங்கள். சில கல்லூரிகள் டி.ஓ. கடிதம் கட்டாயம் என்கின்றன. பக்கத்து வீட்டு கார்டியாலஜிஸ்ட் அங்கிளின் கடிதம் பாசத்துக்கு அத்தாட்சி, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கட்டுரையில் கெட்ட மார்க்குக்குக் காரணம் எழுதலாமா? பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனதை எழுதியிருக்கிறேன்.
*மாணவி, பெல்வியூ, வாஷிங்டன்*

விண்ணப்பக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள்தான், இடைவெளியையும் சேர்த்து. அதில் பாதியைப் பாட்டிக்குக் கொடுத்தால் பாட்டிக்குத்தான் அட்மிஷன் கிடைக்கும்.

காரணத்தை இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். ‘எதிர்பாராத சவால்கள் என் கல்விப் பயணத்தைப் பாதித்தன’ என்பது எல்லோரும் எழுதுகிற வரி, யாரும் படிக்காத வரி. ‘இரண்டாம் ஆண்டில் வாரம் 25 மணி நேரம் கடையில் வேலை பார்த்தேன். மூன்று சயன்ஸ் பாடங்களில் சி. வேலையைக் குறைத்த பிறகு எடுத்த ஐந்திலும் ஏ.’ இப்படி எழுதினால் பரிதாபமும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம், அந்த ஐந்து ‘ஏ’ பேசிக்கொள்ளும். சோகக் காரணம் எதுவுமில்லை, படிக்கத் தெரியாமல் படித்தேன் என்றால் அதையே எழுதுங்கள். எப்படிப் படிக்கிற முறையை மாற்றினீர்கள் என்பது அடுத்த வரி. பேராசிரியரை மட்டும் குறை சொல்லாதீர்கள். படிக்கிறவரும் ஒரு பேராசிரியராக இருக்கலாம்.

எச்-4 விசாவில் இருக்கிறேன். வயது 20. டி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கலாமா?
*மாணவி, பிளேனோ, டெக்சஸ்*

உங்கள் பிரச்சினைக்கு முன்னால் ஜி.பி.ஏ. எல்லாம் சின்னது. 21 வயதில் எச்-4 முடிகிறது, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அதன் பிறகு நீங்கள் வெளிநாட்டு மாணவி, ஹை ஸ்கூல் முழுக்க டெக்சஸில் படித்திருந்தாலும். பல கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும் மட்டும் எடுக்கின்றன. சில டி.ஓ. கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை ஏற்கின்றன. பட்டியலை வருடாவருடம் மாற்றுவதால், கல்லூரிக்கே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் கட்டணம் கட்ட வேண்டும். அரசுக் கடன் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் ஒரு குடிமகன் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் இமிகிரேஷன் வக்கீல், அப்புறம் எம்கேட் புத்தகம்.

செலவு?
*இன்னோர் அப்பா, இன்னொரு எடிசன்*

ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல ஆசைதான். பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் ட்யூஷன் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டி. சாப்பாடு, வாடகை தனி. இதுவரை கிராட் ப்ளஸ் என்ற அரசுக் கடன் மிச்சத்தை எல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தது. 2025-இல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது இல்லை. தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர், அவ்வளவே. மீதிக்குத் தனியார் வங்கி, அல்லது நீங்கள். அதனால் அரசுக் கல்லூரியில் சொந்த மாநிலத்தவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று முதலில் பாருங்கள். டெக்சஸில், மிச்சிகனில், ஒஹையோவில் அரசு டி.ஓ. கல்லூரிகளே இருக்கின்றன.

பயோகெமிஸ்ட்ரி முடிய டிசம்பர் ஆகும். செப்டம்பரிலேயே விண்ணப்பம் போட்டுவிடட்டுமா? இடம் நிறைந்துவிடும் என்று பயம்.
*மாணவன், சார்லட்*

மே மாதம் விண்ணப்பம் திறக்கிறது. விண்ணப்பங்கள் வரவர ஆட்களை எடுத்துக்கொண்டே போவார்கள். நீங்கள் செப்டம்பரில் நல்ல கிரேடு எதுவும் இல்லாமல் வரிசையின் கடைசியில் நிற்கப் பார்க்கிறீர்கள். டிசம்பரில் ‘ஏ’ வாங்குங்கள், அடுத்த மே மாதம் முதல் ஆளாகப் போடுங்கள். ஒரு வருடம் வீணாகிறது என்று மாமாக்கள் சொல்வார்கள். இந்த வருடமும் போட்டு அடுத்த வருடமும் போடுவதற்கு ஆகிற பணத்தை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு கெமிஸ்ட்ரியே பிடிக்காது. டாக்டராகத்தான் ஆசை.
*மாணவன், ஊரும் வேண்டாம்*

மருத்துவத்தின் முதல் இரண்டு வருடமும் மாறுவேடத்தில் வரும் கெமிஸ்ட்ரிதான். கெமிஸ்ட்ரி பிடிக்காமலே அதில் ‘ஏ’ வாங்கிய டாக்டர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் யோசிக்க வேண்டியது நோயாளி பக்கத்தில் மணிக்கணக்காக நிற்கப் பிடிக்கிறதா என்பதை. ஆஸ்பத்திரியில் ஒரு கோடை காலம் வேலை பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மகளுக்கு டி.ஓ.வில் இடம் கிடைத்துவிட்டது! கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று போட்டால் மாப்பிள்ளை வீட்டார் வில்லேஜ் ஆபீஸர் மாதிரி ஏதோ என்று நினைக்க மாட்டார்களா?
*சந்தோஷத்தில் ஓர் அம்மா, டாம்பா, ஃப்ளோரிடா*

வாழ்த்துகள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டால் பின்னால் என்ன இருக்கிறது என்று நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இடம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது, படிப்பு நாலு வருடம், ரெசிடென்ஸி குறைந்தது மூன்று. பத்திரிகை அடிக்கும் முன் மகளிடம் தேதி கேட்டீர்களா?